மழை விடாத அக்டோபரில் மாட்டுக்கு ஓட்ஸ்: ஆனேக்கல் பக்கம் முதல்முறை விதைப்பவர்களுக்கு

போன வருடம் ஒரு ஏக்கரில் ஓட்ஸ் போட்டு, பாதிக்கு மேல் களையைத்தான் அறுத்தேன். பக்கத்து நிலத்து அண்ணன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா, மாட்டுக்குக் கீரை போட்டிருக்கியா?" என்று கேட்டார். இந்த வருடம் அதே நிலம், அதே ஐந்து மாடு, ஆனால் பயிர் இடுப்பளவு வந்தது. இரண்டு வருடத்திலும் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பெங்களூரை ஒட்டிய ஓசூர், அத்திப்பள்ளி, ஆனேக்கல், சர்ஜாபுரா பக்கம் கம்பெனி வேலையோடு நான்கைந்து மாடு வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் இது. போர்வெல் நம்பிக்கையில்லை என்றால் ஓட்ஸ் பக்கம் போக வேண்டாம்.

சாப்பிடுகிற ஓட்ஸ் இல்லை, பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போடும் தீவன ஓட்ஸ்.

1. நாட்காட்டியைப் பார்த்து விதைக்காதீர்கள், மண்ணைப் பார்த்து விதையுங்கள்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிவரை விதைக்கலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். சிக்கல் என்னவென்றால் பெங்களூரில் வருடத்திலேயே அதிக மழை பெய்வது செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான். போன வருடம் நான் அக்டோபர் 14ஆம் தேதி, இரண்டு நாள் வெயில் அடித்ததும் அவசரமாக விதைத்தேன். மூன்றாம் நாள் மழை பிடித்தது, ஒன்பது நாள் விடவில்லை. பள்ளமான மூலையில் விதை அழுகியது. மேட்டில் முளைத்தது, ஆனால் அதற்கு முன்பே களை முளைத்துவிட்டது.

இந்த முறை நவம்பர் 6இல் விதைத்தேன். மூன்று வாரம் தள்ளிப்போனதில் நான் இழந்தது ஒன்றுமில்லை. ஆனால் டிசம்பர் வரை தள்ளிவிடாதீர்கள். பிப்ரவரி கடைசியில் இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிடும், இரண்டாம் அறுப்பு கையில் வராது.

நிலம் எப்போது காலியாகும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். ராகிக்குப் பின்னால் ஓட்ஸ் என்றால் ராகி அறுத்துக் கட்டி எடுக்கவே டிசம்பர் ஆகிவிடும். தீவன மக்காச்சோளம் போட்டு செப்டம்பர் கடைசியில் அறுத்த நிலம்தான் இதற்குத் தோது.

2. காகிதங்கள்: ஆகஸ்டிலேயே ஆரம்பியுங்கள்

மானிய விதை, கால்நடைத் துறை கொடுக்கும் இலவசத் தீவன விதைப் பை, எதைக் கேட்டாலும் முதலில் கேட்பது எஃப்.ஐ.டி. நம்பர். ஃப்ரூட்ஸ் என்ற கர்நாடக அரசின் விவசாயிப் பதிவில் உங்கள் பெயரையும் நிலத்தையும் ஏற்றினால் கிடைப்பது. ஹோப்ளியில் (நம் ஊர் பிர்க்கா மாதிரி) இருக்கும் ரைத சம்பர்க்க கேந்திரம் என்ற விவசாயத் துறை அலுவலகத்தில் செய்து தருவார்கள். ஆதார், வங்கி பாஸ்புக், பஹணி (நிலத்தின் அரசுப் பதிவு, நம் ஊர் சிட்டா அடங்கல் மாதிரி), போட்டோ கொண்டுபோங்கள். எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள், மானியம் கூடுதலாகக் கிடைக்கும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

ஒன்று, பெயர். ஆதாரில் இனிஷியலோடு "கே. முருகன்" என்று இருக்கும், பஹணியில் கன்னடத்தில் "முருகேஷ பின் கிருஷ்ணப்ப", அதாவது கிருஷ்ணப்பா மகன் முருகேஷ், என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விதை வாங்கும் நாளில் கவுன்ட்டரில் நின்று இதைத் தீர்க்க முடியாது.

இரண்டு, இறந்தவர் பெயரில் இருக்கும் பஹணி. எங்கள் நிலம் இன்னும் என் மாமனார் பெயரில்தான் இருக்கிறது, அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. பவ்தி காத்தா போட்டு வாரிசு பெயருக்கு மாற்றாமல் எஃப்.ஐ.டி. வராது. அதற்கு இறப்புச் சான்றிதழ், வம்ச விருட்சம் (குடும்ப வாரிசுப் பட்டியல்), வாரிசுகளின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். என் மாமியார் "செய்துகொள்ளலாம் செய்துகொள்ளலாம்" என்றே இரண்டு விதைப்பு போய்விட்டது. நான் இரண்டு வருடமும் முழு விலை கொடுத்துத்தான் விதை வாங்கினேன்.

மூன்று, குத்தகை நிலம். கர்நாடகத்தில் விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருப்பதால் யாரும் எழுதித் தர மாட்டார்கள், எல்லாம் வாய்ப் பேச்சுதான். எஃப்.ஐ.டி. நிலத்துக்காரர் பெயரில் இருக்கும், மானிய விதையும் அவர் பெயரில்தான் வரும். குத்தகை பேசும்போதே "விதை வாங்க நீங்கள் ஒரு நாள் வரவேண்டும்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அப்புறம் கேட்டால் அதற்குத் தனி விலை.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் ஓட்ஸ் விதை அங்கே வரும் என்று உறுதியில்லை. எங்கள் பக்கத்து மாட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது மக்காச்சோளமும் சோளமும்தான். பால் சங்கத்திலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

3. விதை

கென்ட் என்ற ரகம் பழையது, எங்கும் கிடைக்கும். ஜே.எச்.ஓ. 822 ஜான்சியில் இருக்கும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தில் வந்தது, இரண்டு அறுப்புக்கு நல்லது. நான் இந்த முறை போட்டது கென்ட். ஹெசரகட்டாவில் மத்திய அரசின் தீவன நிலையம் இருக்கிறது, ஆனேக்கலிலிருந்து பெங்களூரையே குறுக்கே கடந்து போகவேண்டும், அதனால் முதலில் போன் செய்து இருப்பு கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தின் க்ரிஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சியில் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள், அது பெரும்பாலும் நவம்பர் நடுவில்தான் நடக்கும், அதற்குள் நீங்கள் விதைத்துவிடுவது நல்லது.

குதிரைத் தீவனக் கடையில் முழு ஓட்ஸ் மூட்டை மலிவாகக் கிடைக்கும். தொடாதீர்கள். எந்த ரகம், எத்தனை வருடம் பழையது, எவ்வளவு முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதில் காட்டு ஓட்ஸ் விதையும் கலந்திருக்கலாம், அது உங்கள் நிலத்துக்குள் வந்துவிட்டால் பயிருக்கும் களைக்கும் வித்தியாசமே தெரியாது. மளிகைக் கடை ஓட்ஸ் பாக்கெட் முளைக்காது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ஒருவர் என்னிடம் கேட்டார், அதனால் சொல்லிவிட்டேன்.

மூட்டையில் அட்டை தைத்திருக்கிறதா, சோதனை செய்த தேதி என்ன, காலாவதி என்ன என்று பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். அப்புறம் வீட்டில் நூறு விதையை எண்ணி, நனைத்த கோணிச் சாக்குத் துண்டில் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் வையுங்கள். 85க்கு மேல் முளைத்தால் சரி. எனக்கு 88 வந்தது. 70 வந்தால் விதையைத் திருப்பிக் கொடுங்கள், அதற்காகவே பில் வாங்கி வையுங்கள்.

ஏக்கருக்கு 40 கிலோ கணக்கு. ஈரமான வருடத்தில் கொஞ்சம் சாகும் என்பதால் நான் 42 போட்டேன்.

4. களையை நீங்களே முளைக்க வையுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்ததால்தான் இரண்டு வருடத்துக்கும் இவ்வளவு வித்தியாசம். போன வருடம் நான் உழுத அன்றே விதைத்தேன். உழவு என்ன செய்யும், அடியில் தூங்கும் களை விதையை மேலே கொண்டுவந்து போடும், மேலே மழை, கீழே தொழுவுரம், அதற்கு வேறென்ன வேண்டும்.

இந்த வருடம் அக்டோபர் 5இல் தொழுவுரம் இரண்டு டிராக்டர் கொட்டி, நன்றாக உழுது, ரோட்டவேட்டர் (டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பை) ஓட்டி, விதைப்பதற்குத் தயாரான நிலம் மாதிரியே சமன் செய்து, அப்படியே விட்டுவிட்டேன். விதைக்கவில்லை. மாமியாருக்குப் பெரிய வருத்தம், "நிலத்தைச் சும்மா போட்டு வைப்பாங்களா" என்று. பத்து நாளில் நிலம் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. பார்த்தீனியம், முள்ளுக்கீரை, சாரணை, கானாவாழை, எல்லாம் இரண்டு இலை மூன்று இலையில். அந்த அளவில் அதைச் சாகடிக்க வெயிலும் ஒரு சுரண்டலும் போதும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தக் களையைக் கொல்ல ஆழமாக உழக்கூடாது, உழுதால் அடியிலிருந்து அடுத்த கூட்டம் மேலே வரும். மேல் இரண்டு விரல்கடை மண் மட்டும் அசைய வேண்டும். டிராக்டர்காரர்களுக்கு இது பிடிக்காது, அவர்கள் ஆழமாகப் போட்டால்தான் வேலை செய்த மாதிரி நினைப்பார்கள். நான் கூடவே நடந்து, ரோட்டவேட்டரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி ஓட்டவைத்தேன். வெயில் அடிக்கும் நாளில், காலையிலேயே செய்யுங்கள். அக்டோபர் 20இல் எனக்கு அப்படி ஒரு நாள் கிடைத்தது, மத்தியானத்துக்குள் எல்லாம் சுருண்டுவிட்டது. மழை நாளில் செய்தால் களை இடம் மாறி நடப்படும், அவ்வளவுதான். கானாவாழையின் ஒரு துண்டுத் தண்டு ஈர மண்ணில் விழுந்தால் போதும், அது ஒரு செடி.

அக்டோபர் கடைசியில் மறுபடி மழை வந்தது, மறுபடி கொஞ்சம் முளைத்தது, விதைக்கும் நாளில் அதுவும் போனது.

கோரை மட்டும் இதற்கு அடங்காது. நம் ஊரில் கோரைக்கிழங்கு, இங்கே கொன்னாரி என்பார்கள். ரோட்டவேட்டர் அதன் கிழங்குச் சங்கிலியை வெட்டி நிலம் முழுக்கப் பரப்பிவிடும். கோரை திட்டுத்திட்டாக இருந்தால் அந்த இடத்தை ரோட்டவேட்டர் தாண்டிப் போகட்டும், அங்கே ஆள் விட்டுத் தோண்டி எடுங்கள். நிலம் முழுக்கக் கோரை என்றால் அதைக் கோடையில் உழுது காயப்போடுவதுதான் வழி, ஓட்ஸ் விதைக்கும் நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

களைக்கொல்லியால் இதைச் சுலபமாக முடிக்கலாம் என்று கடையில் கிளைபோசேட் காட்டுவார்கள். 2022இல் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டும்தான் தெளிக்க வேண்டும். தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

5. விதைக்கும் நாள்

நான்கு விரல் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உடைந்து சிதறினால் விதைக்கலாம். சப்பையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு நாள். செருப்பில் மண் அப்புகிற நாளில் டிராக்டரை இறக்கினால் சக்கரத் தடம் இரண்டும் கல்லாக இறுகிவிடும், அந்த இரண்டு கோடும் அறுப்புவரை மஞ்சளாகவே நிற்கும்.

முதலில் வடிகால். நிலத்தின் தாழ்ந்த மூலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வெளியே ஒரு முழ அகலம், ஒரு சாண் ஆழம் வாய்க்கால் வெட்டுங்கள். ஓட்ஸ் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

கையால் வீசாதீர்கள், வரிசையில் விதையுங்கள். வீசினால் உள்ளே இறங்கிக் களை எடுக்க முடியாது, போன வருடம் நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ராகிக்கு வைத்திருக்கும் கூரிகெ (குழாய் வழியாக வரிசையில் விதைக்கும் கருவி) இருந்தால் அதிலேயே விடலாம். ஆனால் ஓட்ஸ் விதை நெல் மாதிரி உமியோடு, இலேசாக, நீளமாக இருக்கும், குழாயில் சிக்கிக்கொள்ளும், பின்னாலேயே ஒருவர் பார்த்துக்கொண்டு வரவேண்டும். எனக்கு முதல் நான்கு சாலில் ஒரு குழாய் அடைத்தது தெரியாமலே போய்விட்டது. வரிசைக்கு வரிசை 25 செ.மீ., ஆழம் 4 செ.மீ. 20 செ.மீ.யும் போடலாம், ஆனால் சைக்கிள் வீடர் (கையால் தள்ளிக் களை எடுக்கும் சக்கரக் கருவி) ஓட்டுவதாக இருந்தால் 25 வேண்டும்.

அடியுரமாக ஏக்கருக்கு 35 கிலோ டி.ஏ.பி. போட்டேன். மூட்டை 50 கிலோ, 1,350 ரூபாய். வாங்க ஆதாரும் கைரேகையும் வேண்டும். ஒரு கடையில் டி.ஏ.பி. வேண்டுமென்றால் கூடவே திரவ யூரியா பாட்டிலும் வாங்கவேண்டும் என்றார்கள். நான் வேறு கடைக்குப் போய்விட்டேன். மீதி 15 கிலோவை ஈரம் படாமல் கட்டி வையுங்கள்.

6. முதல் 35 நாள்

விதைத்ததிலிருந்து 35, 40 நாளில் இலை வரிசையை மூடிவிடும், அதற்குப் பிறகு களைக்கு வெளிச்சம் கிடையாது. அதுவரை நிலத்தை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

முதல் களை 20ஆம் நாள். எனக்கு நவம்பர் 26. வரிசைக்கு நடுவே சைக்கிள் வீடர், வரிசைக்குள் கை. ஆறு பெண்கள் ஒரே நாளில் முடித்தார்கள். இரண்டாவது 35ஆம் நாள், அதற்கு நான்கு பேர் போதுமாக இருந்தது. பிடுங்கிய களையை வரிசையிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள், மேகமூட்டமான நாளில் அது சாயங்காலத்துக்குள் வேர்விட்டு நிமிரும். கூடையில் அள்ளி வரப்புக்கு வெளியே குவியுங்கள்.

பார்த்தீனியத்தை, இங்கே காங்கிரஸ் கிடா என்பார்களே, அதைப் பூ விடுவதற்கு முன் பிடுங்கவேண்டும். கையுறை கட்டாயம். எனக்கு முதல் வருடம் முழங்கை வரை தடித்து, மூன்று வாரம் அரிப்பு. பச்சையோடு அது மாட்டுக்குப் போனால் பாலில் கசப்பு வரும், பால் சங்கத்தில் கேள்வி கேட்பார்கள்.

இப்போது என் பெரிய முட்டாள்தனம். போன வருடம் களை மீறிப்போனதும் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். ஓட்ஸுக்குக் கன்னடத்தில் தோக்கெ கோதி என்றும் ஒரு பெயர். கோதி என்றால் கோதுமை. நானும் பாதிக் கன்னடத்தில் "கோதி மாதிரி பயிர், புல் களை ஜாஸ்தி" என்று சொன்னேன், கடைக்காரர் கோதுமைக்கான புல் களைக்கொல்லி, கிளோடினாஃபாப், எடுத்துக் கொடுத்தார். அந்த மருந்து கோதுமை வயலில் காட்டு ஓட்ஸைக் கொல்வதற்கென்றே இருப்பது. காட்டு ஓட்ஸைக் கொல்வது வீட்டு ஓட்ஸை விட்டுவைக்குமா? நல்லவேளை, பம்பில் ஒரு டேங்க்தான் அடித்திருந்தேன். பத்து நாளில் அந்த இடம் மட்டும் மஞ்சளானது. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்தது, அடி அழுகிப் பழுப்பாக. கோரை மட்டும் பச்சையாகச் சிரித்துக்கொண்டு நின்றது. ஆகவே கோதுமைக்கான புல் மருந்து எதுவாக இருந்தாலும் ஓட்ஸுக்கு வேண்டாம்.

அகல இலைக் களைக்கு 2,4-டி அடிக்கச் சொல்வார்கள். ஓட்ஸ் அதைத் தாங்கும். ஆனால் காற்றில் பக்கத்து நிலத்துக்குப் போனால் தக்காளி, திராட்சை, ரோஜா, மல்பெரி எல்லாம் முறுக்கிக்கொள்ளும், நம் பக்கம் இதில் ஏதாவது ஒன்று இல்லாத வரப்பு ஏது. மாட்டுக்குப் போகிற தீவனம் வேறு. அடித்தே ஆகவேண்டும் என்றால் லேபிளில் உங்கள் பயிர் பெயர் இருக்கிறதா, தெளித்து எத்தனை நாள் கழித்து மாட்டுக்குப் போடலாம் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். நான் இந்த வருடம் எதுவும் அடிக்கவில்லை.

7. செலவு

ஒரு ஏக்கருக்கு நான் கொடுத்தது: விதை 42 கிலோ, கிலோ 90 வீதம் 3,780. தொழுவுரம் 8,000. டிராக்டர் மணிக்கு 1,200 வீதம் நான்கு மணி நேரம் 4,800, இதில் ஒரு மணி நேரம் அந்த மேலோட்ட உழவு. விதைப்புக்கு இரண்டு ஆள் 1,200. டி.ஏ.பி. 1,350, யூரியா இரண்டு மூட்டை 533. களைக்குப் பத்து ஆள், ஆளுக்கு 450, மொத்தம் 4,500. கூட்டினால் 24,163. தொழுவுரம் சொந்தக் கொட்டகையிலிருந்து வந்தால் 8,000 மிச்சம், எனக்குக் கொட்டகைச் சாணம் ராகிக்கே சரியாகப் போய்விட்டது.

போன வருடம் களைக்கு மட்டும் 36 ஆள், 16,200 ரூபாய். 1,200 ரூபாய் உழவும் இரண்டு வாரப் பொறுமையும் மிச்சம் பிடித்தது இதைத்தான்.

8. தண்ணீர், யூரியா, அறுப்பு

மழை நின்ற பிறகு பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தண்ணீர் போதும். முதல் களை எடுத்த பிறகு, தூர் கட்டும்போது, 45 கிலோ மூட்டை யூரியா ஒன்று. களை எடுக்கும் முன் போடாதீர்கள், முதலில் சாப்பிடுவது களைதான்.

முதல் அறுப்பு 60ஆம் நாள், எனக்கு ஜனவரி 5. தரையோடு ஒட்ட அறுக்காமல் நான்கு விரல்கடை விட்டு அறுக்கச் சொல்லுங்கள், ஆட்கள் குனிந்து வழித்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் தளிர்க்காது. அறுத்த உடனே தண்ணீர் விட்டு அரை மூட்டையிலிருந்து முக்கால் மூட்டை யூரியா. இரண்டாம் அறுப்பு 45 நாள் கழித்து, பூ பாதி வந்ததும்.

யூரியா போட்டு இரண்டு வாரத்துக்குள் அறுக்காதீர்கள், அதுவும் வெயிலே இல்லாத வாரமாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். பயிருக்குள் நைட்ரேட் தேங்கி நிற்கும், பசியோடு இருக்கும் மாடு வயிறு முட்டத் தின்றால் மூச்சு வாங்கி விழும், ஈறு நீலமாகும், ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறும். அப்படிக் கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாடவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், வாடினால் தண்ணீர்தான் போகும், நைட்ரேட் போகாது.

முதல் வாரம் காலையில் ராகித்தாள் ஒரு கட்டு போட்டு, அது பாதி தின்ற பிறகு ஓட்ஸ் ஒரு கட்டு, அடுத்த நாள் கொஞ்சம் கூடுதல் என்று ஏற்றிக்கொண்டு போங்கள். எங்கள் கறுப்பு மாடு இரண்டாம் நாளே ராகித்தாளை மூக்கால் தள்ளிவிட்டு ஓட்ஸ் கட்டைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டது, அதற்காக இரக்கப்பட்டு அள்ளிப் போட்டேன், மறுநாள் தண்ணீராகக் கழிந்தது.